அறுபதில் ஆடிய வண்டி

நாங்கள் சித்தூரில் இருந்தபோது நைனா ஒரு பழைய எஸ்யூவி வாங்கினார். அறுபதைத் தொட்டால் ஸ்டீரிங் நடுங்கும், எண்பதைத் தாண்டினால் தானாக அடங்கிவிடும். நைனாவுக்கு எண்பதில் போகப் பயம். ஆகவே நாங்கள் எங்கே போனாலும் நடுங்கிக்கொண்டே போனோம்.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி நைனா பூசணிக்காய் உடைத்தார். வண்டி அசரவில்லை. பிறகுதான் ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கே திருத்தணிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர், சிரித்த முகம், வண்டியை ஓட்டிப் பார்த்தார். நைனா முன்னால் உட்கார, பின்னால் நானும் அம்மாவும் அத்தையும். அத்தை நைனாவின் தங்கை. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பாள்.

“ஸ்டீரிங் ஆடிச்சின்னா முன்சக்கரம்ணா, சீட்டு ஆடிச்சின்னா பின்சக்கரம். மேடம், சீட்டு ஆடுதா?”

“கொஞ்சம்,” என்றாள் அத்தை. என் பக்கம் ஆடவே இல்லை.

சக்கரத்தின் விளிம்பில் சின்ன ஈயத் துண்டுகளை எடையாகப் பொருத்தினால் சுற்று சமமாகுமாம். அவர் பொருத்தினார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு ஒரே குஷி.

அடுத்த மாதமே மறுபடி நடுக்கம். அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு முறையும் மெக்கானிக் குனிந்து பார்த்து, “எட கயண்டு விழுந்துட்ச்சிண்ணா,” என்பார். அப்போது அத்தை இருக்கும் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார்.

அத்தைக்கு அந்த வண்டிமேல் அப்படியொரு பக்தி. ஞாயிறு காலையில் சக்கரங்களுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பது அவள்தான். ஒட்டிய சேற்றைச் சுரண்டக் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வைத்திருப்பாள்.

“இன்னொரு வாட்டி ஆடிச்சின்னா வித்துட்றேன்,” என்றார் நைனா. நான் அழுதேன். அத்தை அன்று சோற்றைத் தொடவில்லை. வந்த ஜாதகங்களையெல்லாம் வேண்டாம் என்று அவள் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. வண்டிக்காக என்னைப் போலவே ஏங்குகிறாளே என்று அவள்மேல் எனக்குப் பாசம் பொங்கியது.

வண்டி மறுபடியும் ஆடியது. விற்கப் போவதாக ரேணிகுண்டாவில் சொன்னதும் மெக்கானிக்கின் சிரிப்பு காணாமல் போனது.

“விக்காதிங்கண்ணா. எப்ப ஆடினாலும் நானே வூட்டுக்கு வந்து பாக்கறேன்.”

நைனா உருகிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் அவர் புராணம்தான். “பையன் தங்கம். இந்த மாதிரி ஒருத்தன் வூட்டோட இருந்தா நமக்கு கவலையே இல்ல.”

“அப்ப வூட்டோடவே வெச்சிக்கலாமே,” என்றாள் அம்மா.

நைனா சிரித்தார். சந்திரகிரி வரை சிரித்துக்கொண்டே வந்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்திக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். அத்தை ஜன்னல் வழியே கோட்டையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் கல்யாணம். அந்தச் சம்பந்தம் தன் யோசனை என்று நைனா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். அதன்பிறகு வண்டி ஒருநாளும் ஆடவில்லை. பூசணிக்காய் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

அத்தை புகுந்த வீட்டுக்குப் போன மறுநாள், அவள் விட்டுப்போன பவுடர் டப்பாவில் கொஞ்சம் ஈயத் துண்டுகள் கிடைத்தன. என் விளையாட்டுத் தராசுக்கு எடைக்கல் கிடைத்த சந்தோஷத்தில் கடை விரித்து, அம்மாவுக்கு மணல் நிறுத்துக் கொடுத்தேன். தராசைப் பார்த்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எடை சரியாகத்தானே இருக்கிறது என்று நான் மறுபடியும் நிறுத்துக் காட்டினேன்.