டண்டினொங்கில் ஒரு லண்டன் கொத்து

என் வாயை லண்டனிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். சாப்பிடத் தேவைப்படுமே என்று கூடவே கொண்டுவந்த முட்டாள் நான்.

பாதி உலகம் தாண்டி வந்து, டண்டினொங் நகரத்துத் தமிழ்க் கடையொன்றில் கொத்துரொட்டிக்குக் காத்து நிற்கிறேன். கொத்துகிறவரும் லண்டனில் இருந்தவராம்.

"அங்கை எனக்குச் சொந்தக் கடை, அண்ணை. பாரிசிலயிருந்து எங்கடை பெடியள் வந்து சமைச்சவங்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினாப்பிறகு அவங்களுக்கு வரேலாமல் போச்சு. விலகினா ஊரிலயிருந்து சமைக்க ஆள் எடுக்க விடுவம் எண்டு வாக்குக் கேட்டவை சொன்னவை, விடேல்லை. கடையைப் பூட்டிட்டன்."

மனைவியும் பிள்ளைகளும் இன்னும் லண்டனில். இங்கே நிரந்தர விசா கிடைத்தபிறகுதான் கூப்பிட வேண்டும். கிடைக்குமா என்று அவருக்கே தெரியவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "விலகச் சொல்லி எந்த விசரன் வாக்குப் போட்டவன்?"

தட்டை என் பக்கம் தள்ளுகிறார்.

"நான்தான், அண்ணை."