அண்ணன் கேட்ட மலை

கோடை விடுமுறை வந்தால் என் மகன் வீட்டில், ஊட்டியா ஏற்காடா என்று பேரப்பிள்ளைகள் சண்டை போடுவார்கள். என்னைக் கேட்டால், நீங்களே முடிவு பண்ணுங்க சாமி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவர் என் அண்ணன். ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தலைவாழை இலையின் முன் உட்கார்ந்துகொண்டு, சோற்றைப் பிசையாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். தறி வேலை பிடிக்காமல் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்ட அண்ணன், பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்திருந்தார். கல்யாணமான பத்தாம் நாளே உத்தரவு வந்து கிளம்பிப் போனவர், ஒரு வருஷம் கழித்து முதல் லீவில் வந்திருந்தார். இடையில் யாரோ அதிகாரியை ஊட்டியில் கொண்டுபோய் விட்டுவரும் வேலை அவருக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே பார்த்ததை எல்லாம் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். கிணற்றடியில் துணி அலசும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மலைமேல ரயிலு போகுதாம். ஏரியில படகு இருக்குதாம். ரெண்டு பேருதான் உக்கார முடியுமாம்." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு முகம் சிவந்தது.

"அவளக் கூட்டிக்கிட்டு ஊட்டிக்கு நாலு நாளு போய்ட்டு வரலாம்னு இருக்கேனுங்கம்மா" என்றார் அண்ணன். "இல்லாட்டி ஏற்காடு. நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் ஏற்காட்டைச் சேர்த்துக்கொண்டது மரியாதைக்குத்தான். அம்மா அதையே பிடித்துக்கொண்டாள்.

"ஊட்டி எதுக்கு சாமி? போக வரவே பாதி லீவு தீந்துரும். ஏற்காடுன்னா பக்கம். காப்பித் தோட்டத்துல உங்க மாமன் கணக்கு எழுதறாரு, அவரு ஊட்டுலயே எல்லாரும் தங்கிக்கலாம். உன்னைய நாங்களும் கண்ணு நெறையப் பாக்க வேண்டாமா?"

அம்மா சொன்னதிலும் தப்பில்லை. ஒரு வருஷமாக அவள் சரியாகத் தூங்கியதில்லை. அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அம்மாவும் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டாள். ரசச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அண்ணி, "ஏற்காடே போலாமுங்க அத்தை. எல்லாரும் இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

மாமன் வீட்டில் இரண்டே அறைகள். ஆண்கள் ஒன்றில் படுத்தார்கள். அம்மா, மாமன் மனைவியான அத்தை, அண்ணி, நான் எல்லாரும் மற்றொன்றில். போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூடுபனி. எதிரில் இருந்த ஆரஞ்சு மரம்கூடத் தெரியவில்லை. எல்லாரும் சேர்ந்து சமைத்தோம், சிரித்தோம். அண்ணன் பட்டாளத்துக் கதைகளைச் சொல்ல, அம்மா அவர் கையைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வரக் கிளம்பினார்கள். "தொணைக்கு நீயும் போ" என்று அம்மா என்னை அனுப்பினாள். நான் வேண்டுமென்றே பின்தங்கி நடந்தேன். ஆனால் பனியில் நான் தொலைந்துவிடுவேனோ என்று பயந்து, நாலு அடிக்கு ஒரு தரம் அவர்கள் நின்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேருகிற வரைக்கும் காத்திருந்தார்கள். ஏரிக்கரையில், "அடுத்த லீவுக்கு ஊட்டிதான். யாரையும் கேக்கப் போறதில்ல" என்று அண்ணன் சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணி "சரிங்க" என்றாள்.

அடுத்த லீவு வரவில்லை. அசாம் பக்கத்தில் மலைப்பாதையில் அவர் ஓட்டிய லாரி பள்ளத்தில் உருண்டுவிட்டது என்று தந்தி வந்தது. அவர் உடம்பைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

அண்ணியின் அப்பா வந்து கூப்பிட்டும் அவள் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்து, தறிக்கு நூல் சுற்றிக்கொடுத்தாள். அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அம்மாவுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து நான் பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தபோது, ஒரு மத்தியானம் அண்ணி சுற்றிக்கொண்டிருந்த ராட்டைக்குப் பக்கத்தில் அம்மா வந்து உட்கார்ந்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "நீ ஒரு நட ஊட்டிக்குப் போய்ட்டு வா சாமி. நான் அனுப்பி வெக்கறேன்" என்றாள்.

அண்ணி ராட்டையை நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாததைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"யாருகூடப் போறதுங்க அத்தை?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணி நகர்ந்து வந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அன்று விளக்கு வைக்கும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.