ஓடுகிற வண்டிக்குப் பூட்டு

என் கணவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் வேலை. அதனால் எங்கள் குவார்ட்டர்ஸில் சாயங்காலக் காபி என்பது ப்ரொடக்‌ஷன்காரர்களைத் திட்டுவதற்காகவே குடிக்கப்படுவது. "பெல்ட்டு கிழியப் போகுதுன்னு ஒரு மாசமாக் கத்துறேன். ஒரு ஷிப்ட் நிறுத்திக் குடுங்கடான்னா, ஓடிக்கிட்டுத்தானே சார் இருக்குன்னு பல்லைக் காட்டுறானுங்க. அறுந்து விழுந்தாத்தான் அவனுங்களுக்குப் புத்தி வரும்!" எதிர் வீட்டுக்காரர் ப்ரொடக்‌ஷன். அங்கே அதே நேரத்தில் மெயின்டனன்ஸ்காரர்களுக்குத் திட்டு விழும். எங்கள் தெருவில் இந்த இரண்டு வகைக் காபிதான் உண்டு.

எங்கள் கார், ரிட்டயர் ஆகி ஊரைக் காலி செய்த ஓர் அதிகாரியிடம் வாங்கியது. அவர் அதைக் கோயிலுக்கும் கிளப்புக்கும் மட்டும் ஓட்டிச் செல்லமாக வைத்திருந்தார். என்னிடம் வந்ததும் அதன் ஜாதகம் மாறிவிட்டது. கம்மாபுரம் பக்கத்துப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை. லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்தபடி தினமும் போய்வந்ததில், மீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டி அடுத்த லட்சத்திலும் பாதியை விழுங்கிவிட்டது. அதற்கு நாங்கள் ஒழுங்காகச் செய்த ஒரே முன்னெச்சரிக்கைப் பராமரிப்பு, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தது.

ஹாரன் சரிசெய்யப் போன இடத்தில்தான் மந்தாரக்குப்பத்து மெக்கானிக் கேட்டார்.

"டீச்சர், டைமிங் பெல்ட்டு எப்பங்க மாத்துனீங்க?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்ஜினுக்குள்ள ரப்பர் பெல்ட்டு ஒண்ணு ஓடிக்கினே இருக்குதுங்க. அது அறுந்தா இன்ஜினே பூடும். சத்தம் கித்தம் எதுவும் குடுக்காதுங்க. நல்லா ஓடிக்கினே இருக்கும், டப்புனு நின்னுடும். ஒரு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, மாத்திடலாம்."

பெல்ட் விஷயமாயிற்றே, வீட்டில் இருப்பவர் துள்ளி எழுவார் என்று நம்பிப் போய்ச் சொன்னேன்.

"சத்தம் வருதா?"

"இல்ல."

"புகை?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. பொங்கல் முடியட்டும், பாக்கலாம்."

எதிர் வீட்டுக் காபியை யாரோ எங்கள் வீட்டில் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பொங்கல் முடிந்தது. பிறகு விருதுநகரில் அவருடைய சித்தப்பா மகள் கல்யாணம் வந்தது. அவ்வளவு தூரம் போய்த் திரும்பியதும், "பாத்தியா, எப்படி ஓடுது!" என்று பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். பெல்ட் நல்லாயிருக்கிறது என்பதற்கு அவருக்கு அதுவே அத்தாட்சி.

இந்த இடத்தில் இன்னொரு வண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது நான். என் பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்து மாதக்கணக்காகியிருந்தது. "இப்ப வந்தா நீங்க நாள் குறிக்கலாம். விட்டா அது குறிக்கும்," என்றார் டாக்டரம்மா. வீட்டில் சொன்னேன். "இப்ப வலிக்குதா?" என்றார் கணவர். இல்லை என்றேன். அவர் டிவி பக்கம் திரும்பிவிட்டார். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று நானே தள்ளிப்போட்டேன். கத்தி என்றால் எனக்கு உயிர் போகிற பயம். பயம் என்று சொல்ல வெட்கம், பரீட்சை என்று சொன்னால் கௌரவம்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து திரும்பும்போது, வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிவது போல் வலித்தது. வண்டியை ஓரங்கட்டி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தேன். லாரிகள் ஒவ்வொன்றாக என் மேல் புழுதியைத் தூவிவிட்டுப் போயின. இன்ஜின் மட்டும் ஒரு குறையும் இல்லாததுபோல் உறுமிக்கொண்டிருந்தது. எங்கள் இருவரில் யார் முதலில் நிற்கப்போகிறோமோ என்று நினைத்தபோது, உண்மையாகவே அழுதேன். கொஞ்ச நேரத்தில் வலி போய்விட்டது. வண்டி வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை நெல்லிக்குப்பத்தில் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பிய கணவர், வாசலில் நின்று கத்தினார். கார் நிற்கும் கேட்டில் சிவப்புப் பூட்டு தொங்கியது. கூடவே ஓர் அட்டை: 'வேலை நடக்கிறது. இயக்காதே.' இரண்டும் அவருடைய டூட்டிப் பையிலிருந்து நான் எடுத்தவை. சுரங்கத்தில் மெஷினுக்குள் கையை விடுகிறவர், சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். எவ்வளவு பெரிய ஆபீசர் வந்தாலும் அதைத் திறக்க முடியாது. பூட்டினவர்தான் திறக்க வேண்டும்.

"யாரு பூட்டினது?"

"மெயின்டனன்ஸ்."

முறைத்தார். ஆனால் அந்தப் பூட்டை உடைக்க அவருக்குக் கை வராது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் போய்விட்டு வந்தார்.

திங்கட்கிழமை மெக்கானிக் பழைய பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். என் கணவர் வாங்கி, பல் இருக்கும் பக்கம் வெளியே தெரிய வளைத்துப் பார்த்தார். பல்லுக்குப் பல் அடியில் விரிசல். வாழ்நாளெல்லாம் பெல்ட்டைப் பார்த்தவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இதுலயா நீ தினமும் போய்ட்டு வந்தே?" குரல் இறங்கியிருந்தது. பெல்ட்டைக் கீழே வைக்காமலே கேட்டார்: "ஆஸ்பத்திரிக்கு எப்பப் போகணும்?"

"பரீட்சை முடியட்டும்."

"ப்ரொடக்‌ஷன்காரன் மாதிரிப் பேசாத."

அந்த வாரமே நாள் குறித்தோம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, அதே பூட்டையும் அட்டையையும் சமையலறைக் கதவில் மாட்டினேன். பாதி குறும்பு, பாதி அவர் சமைத்தால் கரி பிடிக்கப்போகும் பாத்திரங்கள் பற்றிய கவலை. ஆபரேஷனுக்கு முன்னால் நகையெல்லாம் கழற்றித் தரச் சொன்னார் நர்ஸ். சங்கிலி, வளையலோடு பூட்டுச் சாவியையும் கணவர் கையில் வைத்தேன். நகைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவியை என் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடினார்.

"இத நான் வாங்க மாட்டேன். பூட்டினவங்கதான் வந்து திறக்கணும்."

கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் மூடிய என் விரல்களை விடவில்லை. சாவி உள்ளே வரக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார். தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன்.

வீடு திரும்பியபோது பூட்டு அப்படியே தொங்கியது. சாப்பாடு கேன்டீனில். காபி மட்டும் எதிர் வீட்டில் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதைவிடப் பெரிய தியாகம் அவரால் முடியாது. நான் சாவியைப் போட்டுத் திருப்பினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தையல் இழுக்கிறது என்று சொல்லிவைத்தேன்.