பிடியரிசி டிரம்

இட்லிக்கு எடுத்துவைத்திருந்த ரேஷன் அரிசியைப் பொன்னியோடு கலந்து இன்று தவறுதலாக உலையில் போட்டுவிட்டேன். மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில், சாலையை அகலமாக்கியபோது இடிபட்டுப்போன எங்கள் குறிஞ்சிப்பாடிச் சர்ச்சின் பக்கத்து அறை வாசம் அடித்தது.

அங்கே ஒரு தகர டிரம் இருந்தது. தினமும் சோறாக்கும் முன் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்துவைத்துச் சேர்த்த அரிசியை, ஞாயிறுதோறும் பெண்கள் துணிப்பையில் கொண்டுவந்து சரசரவென்று அதில் கொட்டுவார்கள். ரைஸ்மில்காரர் வீட்டுப் பழைய பொன்னியும் எங்கள் வீட்டுக் குண்டு ரேஷன் அரிசியும் ஒன்றாகிவிடும். ஆராதனை முடிந்ததும் அந்த அரிசி இல்லாதப்பட்ட வீடுகளுக்குப் போகும். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக்கும் வந்தது.

"நீங்களே வாங்குறீங்க, இனிமே போட வேணாம்மா" என்றார் போதகர், இரக்கத்தோடுதான்.

"வாங்குறதுக்கு மட்டும்தானா நான், ஐயா?" என்று கேட்டுவிட்டு அம்மா பையைக் கவிழ்த்தாள். ரேஷன் அரிசி தீர்ந்துபோன வாரங்களில், டிரம்மிலிருந்து வந்த அரிசியிலேயே ஒரு பிடி எடுத்துவைத்தாள்.

அந்தச் சோறு ஒருநாளும் ஒழுங்காக வெந்ததில்லை. பொன்னி குழைந்து கிடக்க, ரேஷன் அரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். தங்கச்சி தட்டைத் துழாவி, ஒரு குண்டுப் பருக்கையை விரல்நுனியில் தூக்கிக் காட்டுவாள்.

"அம்மா, இது நாம போட்டது!"

"எல்லாமே நாம போட்டதுதான், சாப்புடு" என்பாள் அம்மா.