எலிக்ஸிர் கேட்டு வந்த விளம்பரம்

கம்பாலா நகரின் நிந்தா பகுதியில், மேசையை வாடகைக்கு எடுத்து நாங்கள் கணினி நிரல் எழுதும் கூடத்தில், ஜன்னலோர மேசை நசூனாவுக்கு. வெளியே மரக்கிளையில் மொட்டைத்தலை நாரைகள் தூங்கி வழியும். அவற்றையே பார்த்திருந்துவிட்டுத் திடீரென்று தட்டச்சு செய்வாள். அவள் எழுதியது எலிக்ஸிர் என்ற மொழியில். ஆயிரம் குட்டி வேலைகள் தனித்தனியே ஓடும். ஒன்று விழுந்தால் இன்னொன்று அதே இடத்தில் எழும். மற்றவை அறியாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தைத் திரையில் காண்பது, அவளுக்கு ஏரியில் மழை விழுவதைக் காண்பதுபோல.

பக்கத்து மேசை கிஸ்ஸா விடமாட்டான்.

"ஏய், ஊரே ஜாவாஸ்கிரிப்ட் கேக்குது, பைதான் கேக்குது. உன் எலிக்ஸிரக் கேக்க அந்த நாரைதான் இருக்கு!"

"அதுக்காவது காது இருக்கு. உனக்கு வாய் மட்டுந்தானே?"

சிரித்தாலும் அவன் சொன்னது மெய்தான். விளம்பரங்களில் அந்த மொழியின் பெயரே வராது. அவள் ஜாவா படித்து ஒரு வங்கியில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் மட்டும் பழைய மேசைக்கு வந்து தன் மொழியில் எழுதினாள்.

பச்சை வெட்டுக்கிளிகள் வானத்திலிருந்து கொட்டும் நவம்பரில், ஒரு சனிக்கிழமைக் காலை, வறுத்த வெட்டுக்கிளிப் பொட்டலத்தோடு கிஸ்ஸா ஓடிவந்தான்.

"இங்க பாருடி! ஆம்புலன்ஸ் அனுப்புற கம்பெனி ஒண்ணு, எலிக்ஸிர் தெரிஞ்ச ஆளு வேணுமாம்!"

நேர்காணலில் தலைவர் முகெர்வா கேட்டார்: "யாருமே வேலை தராத மொழிய ஏம்மா இத்தனை நாள் விடல?"

"விடணும்னு தோணவே இல்லீங்க ஐயா. வேலைக்கு ஜாவா இருந்துச்சு. இது எனக்குன்னு வச்சுக்கிட்டது."

"ரொம்ப நாளாத் தேடுறோம், ஆளே கிடைக்கல. ஆனா வங்கி தர்ற சம்பளம் எங்களால தர முடியாது."

யோசிக்க அவகாசம் கேட்டு, நேரே ஏரிக்கரையில் கபா படகுத்துறைக்குப் போனாள். பொரித்த மீனைத் தின்றபடி, படகுகள் வெளிச்சத்துக்குள் கரைந்து போவதைப் பார்த்திருந்தாள். இந்த வேலையும் ஒருநாள் போனால், அடுத்த இடத்தில் வேறு மொழிதான் கேட்பார்கள் என்று பயந்தாள். பயம் போகவில்லை. ஆனாலும் மறுநாள் வங்கியில் ராஜினாமா கொடுத்துவிட்டாள்.

புது வேலையில் முதல் பெருமழை. சாலையெல்லாம் வெள்ளம், நகரமே ஒரே சமயத்தில் ஆம்புலன்ஸ் கேட்டது. திரையில் அழைப்புகள் மின்மினிகளாகப் பூத்தன. ஒன்றுகூட நடுவில் அறுபடவில்லை.

"நீ எழுதுனதாம்மா இது?" என்றார் முகெர்வா, தாழ்ந்த குரலில்.

நசூனா தலையாட்டினாள். மறுபடி திரைக்கே திரும்பினாள்.