பாலத்துப் பூதம் பேசிய பேச்சு

வீட்டில் ஒருத்தி பெரியவள், மற்றவள் சின்னவள். பெரியவளுக்கு வாய் உண்டு, சின்னவளுக்குக் காது உண்டு. இந்தப் பாகப்பிரிவினையில் வெகுகாலம் இருவருக்கும் மனக்குறை இருந்ததில்லை.

சின்னவள் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். வருகிறவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்து, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, தான் சொல்லும்வரை திறக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போவது அவள் உத்தியோகம். மருந்து பிடிக்க அரைமணி நேரமாவது ஆகும். அத்தனை பேரும் கண்ணை மூடித் தவம் கிடக்க, அவள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மாயாஜால நாவல் எழுதினாள். யாராவது பார்த்தால் அவளுக்குப் பேனா ஓடாது. அவளுக்கென்றே செய்து வைத்த வேலை என்றுதான் சொல்லவேண்டும். நான்கு தடித்த புத்தகங்கள் அந்தப் பெஞ்சுக்கு எதிரில்தான் பிறந்தன.

நிழலுக்கு வரி போடும் ஒரு ராஜ்யம்தான் கதை. மருந்து விட்ட கண்ணோடு வெளியே போகிறவர்கள் வெயில் தாங்காமல் சுவர் ஓரமாக நிழலைத் தேடித் தேடி நடப்பதைப் பார்த்தபோது அவளுக்கு அது தோன்றியது. இதைப் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்வாள். ராஜ்யத்தின் வரைபடத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். எந்தத் தெருவில் எந்த நேரம் நிழல் விழும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. ஆனால் ராஜ்யத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ராஜாவும் பேசுவான், காவல்காரனும் பேசுவான், இருவரும் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகை மாதிரி பேசுவார்கள். முதல் கைப்பிரதியைப் படித்த பதிப்பக ஆசிரியர், ஊரெல்லாம் நன்றாக இருக்கிறது, ஊரில் ஓர் ஆளுக்காவது உயிர் வேண்டாமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். மூச்சு விடாமல் பேசுவாள். தண்ணீர்க் குழாய் ரிப்பேர்காரர் முதல் தன் புருஷனான மாமா வரை ஒருவரையும் விட்டுவைக்கமாட்டாள். கைப்பிரதி திரும்பி வந்த அன்றைக்கு மாமாவின் முறை. "அந்த மனுஷன் மௌன விரதம் இருந்தாக்கூட பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்டி" என்றாள். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். போனை வைத்ததும், கதையில் ஒரு பாலத்தடியில் சும்மா கிடந்த பூதத்தை எழுப்பி உட்காரவைத்து, ராஜாவைப் பார்த்து அதையே சொல்லச் சொன்னாள். பூதம் அன்றைக்கு உயிரோடு எழுந்ததுதான், பிறகு அடங்கவேயில்லை.

வாசகர்களுக்கு இளவரசன் யாரென்றே மறந்துபோயிற்று. பாலத்தைத் தாண்டுகிறவனை எல்லாம் நிறுத்தி வைத்து மானத்தை வாங்கும் அந்தப் பெண் பூதம் போதும் என்றார்கள். தீயை அணைக்கக் கூப்பிட்டால் சாம்பல் அள்ளத்தான் வந்து சேருவான் என்று பூதம் சேனாதிபதியைச் சொன்னது குழாய் ரிப்பேர்காரருக்குச் சேரவேண்டியது. பூதத்துக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று பேட்டியில் கேட்டால், எல்லாம் கற்பனைதான் என்பாள் சின்னவள். அதை மட்டும் ஒளித்தாள்.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சந்தோஷப்பட்டு ஊரையே கூட்டியிருப்பாள். ஆனால் தெரிந்துகொண்டு பேசும் பேச்சு வேறு மாதிரி இருக்கும் என்று சின்னவளுக்குப் பயம். அக்காவும் படிக்கிற ஆள் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது, தூக்க மாத்திரைச் செலவு மிச்சம் என்று அவளே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வாள்.

மூன்றாவது புத்தகத்தில்தான் வினை வந்தது. அக்காவின் மகள் வெளிநாட்டில் வேலையில் இருந்தாள். ஏதோ மனத்தாங்கலில் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அக்கா அதைப் பற்றி வாய் திறக்கவேமாட்டாள். ஒரு சாயங்காலம் மட்டும் தாங்கமுடியாமல் உடைந்துபோனாள். "எனக்கு ஒரு போன் போட அவளுக்கு விரல் வலிக்குது. எனக்குக் காது வலிக்குதுடி, சும்மாவே வச்சிருந்து." சின்னவளும் அழுதாள். அது பொய் அழுகை இல்லை. அழுது முடித்துப் போனை வைத்த கையோடு, கிடைத்த காகிதத்தில் அந்த வாக்கியத்தை எழுதி வைத்தாள். அதுவும் பொய் இல்லை.

பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பாத குட்டிப் பூதம் ஒன்று கதைக்குள் வந்தது. தாய்ப் பூதம் காது வலிக்கிறது என்றது. படித்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படித்தவர்களில் அக்கா மகளும் ஒருத்தி. பல மாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள். நலம் விசாரிக்க இல்லை. என்னைப் பற்றி ஊரெல்லாம் படிக்கும்படி சித்தியிடம் சொல்லிவைத்திருக்கிறாயே என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் போன் எண்ணே மாறிவிட்டது.

இதை மாமா சொல்லித்தான் சின்னவளுக்குத் தெரியும். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அடித்துப்பிடித்து அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள், வாங்கட்டும், தலையைக் குனிந்து நிற்போம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள். அக்கா திட்டவேயில்லை. உட்கார் என்றாள், டீ கொடுத்தாள், வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

அன்றிலிருந்து போன் வருவது நிற்கவில்லை, பேச்சுதான் நின்றது. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, இங்கே வெயில் ஜாஸ்தி, சரி வைக்கட்டுமா. மாமாவைப் பற்றிக் கேட்டால், நன்றாக இருக்கிறார். குழாய்? சரியாகிவிட்டது. சின்னவளுக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. ஒருநாள் நேரில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் அக்கா பேச்சில் ஒரு வார்த்தை எழுதினால் தன் கை விளங்காமல் போகட்டும் என்றாள்.

"நான் வேணும்னு பண்ணல" என்றாள் அக்கா. "கோவமும் இல்ல. உன்கிட்ட பேச வாயத் தொறந்தா, முன்னாடி கூட்டமா உக்காந்து கேக்கற மாதிரி இருக்கு. என்ன சொல்லணும்னு யோசிக்கிறேன். யோசிச்சா எனக்குப் பேச வராது."

சின்னவள் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த புத்தகத்தில் பூதம் பேசும், ஆனால் அக்கா சொன்ன ஒரு சொல்கூட அதில் இருக்காது. அதைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்தால், பழையபடி அவள் கூச்சமில்லாமல் பேசுவாள். அக்காவின் சாயங்காலப் பேச்சு திரும்பக் கிடைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

எழுதுவது லேசாக இல்லை. பெஞ்சில் இருப்பவர்கள் கண்ணைத் திறக்கலாமா என்று கேட்கும்போதுகூட முதல் வரியில்தான் நிற்பாள். பாத்திரம் தேய்க்கும்போது பூதமாகவும் ராஜாவாகவும் மாறி மாறிச் சத்தமாகப் பேசிப் பார்ப்பாள். எழுதியதில் அக்காவின் வாடை அடித்தால் உடனே கிழித்துப் போட்டாள். மெல்ல மெல்லப் பூதம் தானாகவே முனகத் தொடங்கியது. பிறகு எரிந்து விழுந்தது. கடைசியில் ஒருநாள், வரி கட்ட முடியாமல் நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து ஓடும் மந்திரியைப் பார்த்து, "வெயிலையும் வித்துட்டு ஓடுய்யா, பாரம் குறையும்" என்றது. சின்னவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். பெஞ்சில் கண்மூடி இருந்தவர்கள் திரும்பினார்கள்.

பதிப்பக ஆசிரியர் இதுவரை வந்ததில் இந்தப் பூதம்தான் நம்பர் ஒன் என்றார். வாசகர்களும் அதையே சொன்னார்கள். ஏதோ மாறியிருக்கிறது என்று ஒருவருக்கும் படவில்லை.

புத்தகம் கைக்கு வந்த அன்றே சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பாலம் வரும் அத்தியாயங்களைப் பிரித்துக் கொடுத்தாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள், தூங்கவில்லை. மந்திரி ஓடும் இடத்தில் வாய்விட்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. சின்னவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இதுல எதுவும் நான் சொன்னது இல்லையே?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. ஒரு சொல்கூட இல்ல. எல்லாம் நானே எழுதினது."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்கு இப்போதுதான் புரிந்த மாதிரி தங்கையைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. உனக்கே வருது. அப்போ எங்களைத் தொட்டிருக்கவே வேணாமே."

அக்கா புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து, டீ போடட்டுமா, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.