எழுந்து கொஞ்சம் தண்ணி குடிங்க

விருத்தாசலத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு சத்தம் காதில் விழும். செராமிக் கம்பெனிகளில் சூளைக்குக் காற்றடிக்கும் மோட்டார், ஜங்ஷனில் ரயில் ஹாரன், கடைத்தெருவில் ஆட்டோக்கள். நூலகத்தின் பின்னறையில் மட்டும் இதெல்லாம் கேட்காது. அங்கே பழைய செய்தித்தாள் கட்டுகளைச் சுவர் தெரியாத அளவுக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒலிப்பதிவுக்கு அதுதான் ஏற்ற இடம் என்று கண்டுபிடித்தவர் ஜயா.

ஜயா ஒரு செராமிக் கம்பெனி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். கம்பெனியை மூடியபோது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கணவர் கனகசபாபதி கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வர்ஷினி திருமணமாகிப் பெங்களூரில் இருந்தாள். வீட்டில் இருவரும் மட்டும்தான்.

நூலகத்துக்கு வாரப் பத்திரிகை மாற்றத்தான் ஜயா வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் கவுன்டரில் நின்றிருந்தபோது, கம்மாபுரம் பக்கத்திலிருந்து பிரவீன்குமார் வந்தான். கையில் வெள்ளைக் கோல், தோள்பையில் போட்டித் தேர்வுக்கான புத்தகங்கள்.

"மேடம், இத யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்களா? எங்க வூட்ல எழுத்துக்கூட்டிதான் படிப்பாங்க. பாட்டு மாதிரி இழுத்தா எனக்குத் தூக்கம் வந்துடுது" என்றான்.

நூலகர் சிவசங்கரி தர்மசங்கடப்பட்டார். "கவுன்டர வுட்டுட்டு நான் நகர முடியாதே தம்பி."

ஜயா கையை நீட்டினார். "என்கிட்ட குடுங்க. வூட்டுக்குப் போயி சீரியல்தான் பாக்கப்போறேன். அதுல அழுவுறதுக்கு இது தேவலாம்."

அன்று அவர் வாசித்தது கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய பாடம். பிரவீன்குமார் தன் போனில் பதிவு செய்துகொண்டு போனான். அடுத்த மாதம் இன்னும் சிலரை அழைத்து வந்தான். சிவசங்கரி மேலிடத்தில் அனுமதி வாங்கி, வாசகர் வட்டத்தாரிடம் கேட்டு ஒரு ரெக்கார்டர் வாங்கினார். 'வாசித்து உதவ விரும்புவோர் வரலாம்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். ஒரு வங்கி ஊழியரும் கல்லூரிப் பெண்கள் சிலரும் வந்தார்கள். ஆனாலும் மாணவர்கள் கேட்டது ஜயாவின் குரலைத்தான். தேதிகளையும் சட்டப் பிரிவுகளையும் அவர் சொன்னால் மனத்தில் நின்றது. டைப் அடித்த காலத்தில் எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பழகியவர். வாசிப்பிலும் ஒன்றைக்கூட விழுங்கமாட்டார்.

பதிவில் வேறு சத்தம் எதுவும் இருக்கக்கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். இருமினால், நாற்காலி கிரீச்சிட்டால், டீ கொண்டுவந்தவர் கதவைத் தட்டினால், அந்தப் பத்தியை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். ஒருநாள் அவரை அழைத்துப்போக வந்த கனகசபாபதி கதவருகே நின்று தொண்டையைச் செருமிவிட்டார். அரை பாடம் போயிற்று.

"கோயில்ல கும்பாபிஷேகத்துக்குக்கூட இவ்ளோ நியமம் கெடையாது. வூட்ல என்கிட்ட பேசறப்ப மட்டும் இந்த நிதானத்த எங்க வக்கிற?" என்றார் அவர்.

"நீங்களும் பரீட்ச எழுதி வேலைக்குப் போறதுன்னா சொல்லுங்க. உங்களுக்கும் நிதானமா சொல்றேன்."

புத்தகத்தில் இல்லாத ஒரே ஒரு வரியை மட்டும் ஜயா சேர்த்துக்கொண்டார். தொடக்கத்தில் பிரவீன்குமார் காதில் மாட்டியதைக் கழற்றாமல் நாள் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலைசுற்றி விழுந்திருந்தான். அதைக் கேள்விப்பட்ட பிறகு ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சொல்வார்: "பாடம் முடிஞ்சிது. கேட்டது போதும். எழுந்து கொஞ்சம் தண்ணி குடிங்க."

தேர்வு முடிந்ததும் மாணவர்கள் பாடங்களை ஏற்றிக் கொடுத்த மெமரி கார்டைத் திருப்பித் தர வேண்டும். அதை அழித்துவிட்டுப் புதிய பாடங்களை ஏற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரும் ஜயாதான். பாடத்திட்டம் அடிக்கடி மாறியது. பழைய பாடத்தை நம்பி யாரும் தேர்வில் தவறாக எழுதிவிடக்கூடாது என்று அவர் பயந்தார். ஒருமுறை சிவசங்கரி, "நல்லா வந்திருக்குதே ஜயாம்மா, ஒரு காப்பி எடுத்து வச்சிக்கலாமே" என்றதற்கு, "வச்சா அது யாரு கைக்காவது போவும். சிலபஸ் மாறுனது அவங்களுக்குத் தெரியுமா?" என்று தானே கணினி முன் உட்கார்ந்து அழித்தார்.

ஒரு மாசி மாதம் அவருக்குத் தொண்டை கட்டியது. மகத் திருவிழாக் கூட்டத்தில் கிளம்பிய தூசி என்று நினைத்தார். மிளகுப் பால் குடித்தார். பங்குனி போய்ச் சித்திரை வந்தும் குரல் தெளியவில்லை. புதுச்சேரி மருத்துவமனையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகும் ஜயா நூலகத்துக்கு வந்தார். அரசியலமைப்புப் புத்தகம் பாதியில் நின்றிருந்தது. பேசப்பேச வலித்தது. வாய் நனைத்துக்கொண்டு வாசித்து முடித்தார். முடித்ததும் முதலிலிருந்து போட்டுக் கேட்டார். சொற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வந்தன. 'இருபத்தாறு' என்பதும் 'இருபத்தாறாவது' என்பதும் ஒன்றுபோலக் கேட்டன.

"இது உதவாது" என்றார் சிவசங்கரியிடம். "பசங்க கொழம்பிப் போவாங்க. அந்த பேங்க்கு பொண்ணு கிட்ட சொல்லி மறுபடியும் படிக்கச் சொல்லுங்க."

"இருக்கட்டுமே ஜயாம்மா…"

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு அழித்தார்.

சிகிச்சை முடிந்து ஜயா பிழைத்து வந்தார். மூச்சு கழுத்தில் இருந்த துளை வழியாகப் போய் வந்தது. அதன்மேல் வெள்ளை மெல்துணி கட்டியிருந்தார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து இயந்திரம் பேசுவதுபோல ஒரே சுருதியில் சத்தம் வந்தது. ஒருமுறை கேட்டுவிட்டு அதை மேஜைமேல் வைத்துவிட்டார், பிறகு தொடவில்லை. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். 'சாதம் குழைஞ்சிடுச்சு.' 'மாத்திரை போட்டீங்களா?' 'கரண்ட் பில்.' முன்பு இதையெல்லாம் அடுப்படியிலிருந்து கத்திச் சொல்வார்; கனகசபாபதி கூடத்திலிருந்து காது கேட்காதவர்போல உட்கார்ந்திருப்பார்.

இப்போது அவர் அந்தக் குரலைத் தேடினார். போனில் எதுவும் இல்லை. ஜயா யாருக்கும் குரல் செய்தி அனுப்பியதில்லை. விரல் பழகியவர், டைப் அடித்தே அனுப்புவார். வர்ஷினியின் கல்யாண வீடியோவில் ஜயா எல்லோரிடமும் வாயசைத்துக்கொண்டே நடந்தார். மேலே நாதஸ்வரத்தைப் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

ஒரு மாலை, ஜயாவிடம் சொல்லாமல் நூலகத்துக்கு வந்தார். கவுன்டரில் கூட்டம் குறையும்வரை நின்றார்.

"அவ கொரலு இங்க எதாச்சும் இருக்குதாம்மா?"

சிவசங்கரி பின்னறையில் இருந்த கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். வங்கி ஊழியரின் குரல், கல்லூரிப் பெண்ணின் குரல், மறுபடியும் வங்கி ஊழியரின் குரல். கணினியிலும் தேடினார். கனகசபாபதி ஒவ்வொரு முறையும் தலையை முன்னே சாய்த்துக் கேட்டுவிட்டுப் பின்னே சாய்ந்துகொண்டார்.

"எல்லாத்தையும் அவங்களே அழிச்சிட்டாங்க சார்."

"அழிப்பா. தொடச்சு வச்ச வூடு மாதிரி வச்சிருப்பா" என்றார் அவர்.

அவர் போன பிறகு சிவசங்கரிக்குப் பிரவீன்குமார் நினைவு வந்தது. அவன் தேர்வில் வென்று வேப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலையில் இருந்தான். போனில் விஷயத்தைச் சொன்னார்.

"கார்ட அப்பவே குடுத்துட்டேனே மேடம். ஜயாம்மா வுடமாட்டாங்களே" என்றான். பிறகு, "ஒண்ணு இருக்குது மேடம். அவங்களுக்குத் தெரியாது" என்றான்.

அது கூட்டுறவுச் சங்கப் பாடம். தண்ணீர் வரியைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு ஜயா அந்த முதல் பாடத்தை மறுபடி பதிவு செய்து கொடுத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுப் பிரவீன்குமார் குடும்பம் வேறிடத்துக்கு மாறியது. பழைய வீட்டில் அவனுக்குக் கோல் தேவைப்பட்டதில்லை. புது வீட்டில் எந்தச் சுவர் எங்கே என்று தெரியாமல் படுத்திருந்த நாட்களில் இந்தப் பாடத்தைப் போட்டுக் கேட்டிருக்கிறான். கார்டைத் திருப்பிக் கொடுக்குமுன் இதை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, நூலக வாசலில் வைத்துக் கனகசபாபதியின் போனுக்கு அதை அனுப்பினான். "வூட்டுக்கு வா தம்பி, அவள ஒருதரம்…" என்று அவர் ஆரம்பித்தார். பிரவீன்குமார் தலையாட்டி மறுத்தான். "அவங்க பேசாம இருந்தா, அங்க இருக்கிறதே எனக்கு எப்படிங்க தெரியும்? பக்கத்துல உக்காந்தா ஆளே இல்லாத மாதிரி இருக்கும். இன்னொரு நாளு வரேன் ஐயா."

வீட்டில் ஜயா அடுப்படியில் இருந்தார். கனகசபாபதி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் போட்டார்.

'கூட்டுறவின் நோக்கம் இலாபம் அன்று. உறுப்பினர்களின் பரஸ்பர உதவியே ஆகும்…'

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஜயா அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டார். கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு சிலேட்டை எடுத்து வேகமாக எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

'சிலபஸ் மாறிடுச்சு. அழிச்சிடுங்க.'

"நான் என்ன, பரீட்சையா எழுதப்போறேன்?" என்றார் கனகசபாபதி. கேலியாகச் சொல்லத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அது கேலியாக இல்லை.

ஜயா போனுக்காகக் கையை நீட்டினார். அவர் கொடுத்துவிட்டார். இத்தனை வருடத்தில் ஜயா கேட்டு எதையும் இல்லையென்றதில்லை. ஜயாவின் கட்டைவிரல் திரைமேல் நின்றது. எங்கே தொட்டால் அழியும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். போன் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் பிரிவுகளை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு போனைக் கணவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பாடம் கடைசிக்கு வந்தது.

'பாடம் முடிஞ்சிது. கேட்டது போதும். எழுந்து கொஞ்சம் தண்ணி குடிங்க.'

கனகசபாபதி எழுந்தார். அடுப்படிக்குப் போய்ப் பானையிலிருந்து மொண்டு குடித்தார். ஜயா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். கனகசபாபதி கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடி போட்டார்.

இரண்டாம் முறை அந்த வரி வந்தபோது எழப்போனார். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது.